புகையில்லாப் பேருந்து: ஓட்டுநர் யாருடைய ஊழியர்?

ஹைதராபாத்: ஹைதராபாத் அரசுப் பேருந்துகளின் பதிவு எண்ணில் "இசட்" என்ற ஆங்கில எழுத்து நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. கடைசி நிஜாமின் தாயார் ஜஹ்ரா பேகத்தின் நினைவாக அந்த எழுத்து சேர்க்கப்பட்டது என்பது நகரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1932-ம் ஆண்டு நிஜாம் அரசு ரயில்வேயின் ஒரு பிரிவாகப் பேருந்துத் துறை தொடங்கியபோது அதனிடம் இருந்தவை 27 பேருந்துகள்; ஊழியர்கள் 166 பேர். பேருந்துக்கும் சரி, அதை ஓட்டியவருக்கும் சரி, முதலாளி ஒருவரே.

அந்த நிலை இப்போது மாறிவருகிறது. நகரச் சாலைகளில் ஓசையின்றியும் புகையின்றியும் ஓடும் மின்சாரப் பேருந்தில் ஏறும் பயணிக்கு நடத்துநர் தரும் சீட்டு, தெலங்கானா மாநில சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் சீட்டுதான். ஆனால் பேருந்து கழகத்துக்குச் சொந்தமானதன்று. அதன் சக்கரத்தைப் பிடித்திருப்பவரும் கழக ஊழியர் அல்லர். வண்டியைத் தயாரித்த நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ அமர்த்திய ஓட்டுநர் அவர். பழுது பார்ப்பதும் பராமரிப்பதும் அந்த நிறுவனத்தின் பொறுப்பே. கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் எனப் பேசிய தொகையைக் கழகம் அந்நிறுவனத்துக்குச் செலுத்துகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் போடப்படும் இந்த ஏற்பாடு "மொத்தச் செலவு ஒப்பந்தம்" என்று அழைக்கப்படுகிறது.

பருவநிலை மாற்றத்தைத் தடுக்க டீசல் பேருந்துகள் போக வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தொழிற்சங்கங்களும் அதை எதிர்க்கவில்லை. பேருந்து மாறும்போது வேலையும் ஏன் கைமாற வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பும் கேள்வி.

தில்லியில் எழுதப்பட்ட நிபந்தனை: ஹைதராபாதுக்கு மின் பேருந்து புதிதன்று. 2019 மார்ச் மாதத்திலேயே 40 பேருந்துகள் ஷம்ஷாபாத் விமான நிலைய வழித்தடங்களில் ஓடத் தொடங்கின. 2023 மார்ச் மாதத்தில் மேலும் 550 பேருந்துகளுக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அவற்றில் 500 நகருக்குள் ஓடுவதற்கும், 50 வெளியூர்ப் பயணத்துக்குமானவை. வெளிவட்டச் சாலைக்கு உள்பட்ட பகுதியில் டீசல் பேருந்துகள் அனைத்தையும் மின் பேருந்துகளாக மாற்றுவது முதல்வர் ரேவந்த் ரெட்டி அரசு அறிவித்த திட்டம்.

2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் "பி.எம். இ-டிரைவ்" திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு ரூ. 10,900 கோடி. இதில் 14,028 பேருந்துகளுக்கென ரூ. 4,391 கோடி. 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒன்பது பெருநகரங்களே இதற்குத் தகுதி பெற்றன. 2025 மே மாதத்தில் கனரகத் தொழில் துறை அமைச்சர் எச்.டி. குமாரசாமி முதல் பங்கீட்டை அறிவித்தபோது பெங்களூருக்கு 4,500, தில்லிக்கு 2,800, ஹைதராபாதுக்கு 2,000, ஆமதாபாதுக்கு 1,000, சூரத்துக்கு 600 பேருந்துகள் கிடைத்தன.

12 மீட்டர் நீளமுள்ள ஒரு பேருந்துக்கு ரூ. 35 லட்சம் வரை மானியம் உண்டு. ஆனால் போக்குவரத்துக் கழகம் தானே பேருந்தை விலைக்கு வாங்கித் தன் ஓட்டுநரைக் கொண்டு ஓட்டுவதானால் அந்த மானியம் கிடையாது. ஒப்பந்த முறையில் எடுத்தால்தான் உண்டு. இத்திட்டத்துக்கு முன்னோடியான "பேம்" திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் இதே நிபந்தனைதான். முதல் கட்டத்தில் அப்படி இல்லை. அப்போது மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகம் கொல்கத்தாவுக்காக 80 மின் பேருந்துகளைச் சொந்தமாகவே வாங்கியது. ஆக, பேட்டரிக்கும் தனியார்மயத்துக்கும் இயற்கையான உறவு எதுவுமில்லை. அந்த உறவை ஏற்படுத்தியது மானிய விதி.

இந்த விதிக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. மின் பேருந்தின் விலை டீசல் பேருந்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். நஷ்டத்தில் நடக்கும் கழகங்களிடம் அவ்வளவு முதல் இல்லை. பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும், எப்போது மாற்ற வேண்டிவரும் என்ற கவலையும் ஒப்பந்ததாரரின் தலையிலேயே விழுகிறது. 2022-ல் ஹைதராபாத் உள்ளிட்ட ஐந்து நகரங்களுக்கு 5,450 பேருந்துகளுக்காக ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டபோது, 12 மீட்டர் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 43.49 என்ற விலை வந்தது. டீசல் பேருந்தை ஓட்ட ஆகும் செலவைவிட இது குறைவு என அதிகாரிகள் பெருமையுடன் எடுத்துக்காட்டினர். மொத்தமாக வாங்கியதும் மின்சாரச் செலவு குறைவாக இருப்பதும் இதற்குக் காரணங்கள். ஓட்டுநருக்குத் தரும் சம்பளம் குறைவாக இருப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றன தொழிற்சங்கங்கள்.

52 நாள்களின் நினைவு: ஹைதராபாத் போக்குவரத்துத் தொழிலாளர்கள் "ஒப்பந்தம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏன் கொதிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள 2019-க்குச் செல்ல வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 5-ம் தேதி கழகத்தின் 48,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆந்திரத்தைப் போலத் தங்களையும் அரசு ஊழியர்களாக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. குறித்த நேரத்துக்குள் திரும்பாதவர்கள் தாமாகவே வேலையிழந்தவர்கள் என அப்போதைய முதல்வர் கே. சந்திரசேகர ராவ் அறிவித்தார். 5,100 வழித்தடங்களைத் தனியாருக்குத் தர அமைச்சரவை முடிவெடுத்தது. வேலைநிறுத்தம் 52 நாள்கள் நீடித்தது. சம்பளமின்றி மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட தொழிலாளர்களும் உண்டு. இறுதியில் கோரிக்கை நிறைவேறாமலேயே சங்கங்கள் போராட்டத்தை முடித்துக்கொண்டன. அரசும் ஊழியர்களை மீண்டும் பணியில் சேர அனுமதித்தது.

அண்டை மாநிலமான ஆந்திரத்தில் 2020 ஜனவரி 1 முதல் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் அரசு ஊழியர்களாயினர். தெலங்கானாவில் 2023-ல்தான் அதற்கான மசோதா வந்தது. அதைப் பேரவையில் தாக்கல் செய்ய அனுமதி தரும் முன்பு அப்போதைய ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் சில விளக்கங்களைக் கேட்டார். தொழிலாளர்கள் ராஜ்பவன் நோக்கிப் பேரணி சென்றனர். தொழிலாளர் நலனைக் காக்கவே விளக்கம் கேட்டதாக ஆளுநர் கூறினார். ஆகஸ்ட் 6-ம் தேதி மசோதா நிறைவேறியது. செப்டம்பரில் ஒப்புதலும் கிடைத்தது. 43,373 பேர் பயனடைவர் என்று கூறப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 48,000-க்கும் அதிகமாக இருந்த எண்ணிக்கை இது. ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் போனதன் கணக்கு இதில் தெரிகிறது.

சட்டம் வந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் சங்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு நிர்வாகத்திடம் அளித்த வேலைநிறுத்த நோட்டீஸில் 21 கோரிக்கைகள் இருந்தன. அரசு ஊழியர் அந்தஸ்து அவற்றில் ஒன்று. மின் பேருந்துகளைக் கழகமே வாங்கி இயக்க வேண்டும் என்பது மற்றொன்று. மே 7-ல் தொடங்கவிருந்த வேலைநிறுத்தம், போக்குவரத்து அமைச்சர் பொன்னம் பிரபாகருடன் நடந்த பேச்சுக்குப் பிறகு தள்ளிவைக்கப்பட்டது. கோரிக்கைகளை ஆராய மூன்று ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

பணிமனையின் கதி: ஓட்டுநரைப் பற்றிய பேச்சுதான் அதிகம். உண்மையில் முதலில் பாதிக்கப்படுவோர் பணிமனைத் தொழிலாளர்களே. டீசல் வண்டியில் என்ஜின், கிளட்ச், கியர்பெட்டி, எரிபொருள் பம்ப், ரேடியேட்டர், புகைபோக்கி என்று கை வைக்க வேண்டிய இடங்கள் ஏராளம். ஒவ்வொன்றிலும் தேர்ந்த கைகள் உண்டு. என்ஜின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் மூத்த மெக்கானிக்குகள் எல்லாப் பணிமனைகளிலும் இருப்பர். மின் பேருந்தில் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது. மோட்டார், பேட்டரி, அவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனங்கள் ஆகியவைதான். உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்யத் தனிப் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சியை நிறுவனம் தன் ஆள்களுக்குத் தருகிறது. பணிமனையின் ஒரு பகுதி மின்னேற்ற நிலையமாக மாறி ஒப்பந்ததாரர் வசம் போகும்போது, அதே வளாகத்தில் முப்பது ஆண்டு உழைத்தவர் அடுத்த கொட்டகையில் குறைந்துவரும் டீசல் வண்டிகளைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

மறுபக்கத்தில் புதிய வேலைகளும் வருகின்றன. அதுவும் இதே நகருக்கு அருகில். ரங்காரெட்டி மாவட்டம் சீதாராம்பூரில் 150 ஏக்கரில் ஓலெக்ட்ரா நிறுவனம் மின் பேருந்துத் தொழிற்சாலை அமைத்துள்ளது. நாட்டின் பல நகரங்களில் ஓடும் மின் பேருந்துகள் ஹைதராபாத் நிறுவனத்தின் தயாரிப்புகள் என்பதில் தெலங்கானாவுக்குப் பெருமை உண்டு. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த "பி.எம். இ-பஸ் சேவா" திட்டத்தின் 10,000 பேருந்துகளால் 45,000 முதல் 55,000 பேருக்கு நேரடி வேலை கிடைக்கும் என்று அரசு அறிவித்தது.

எண்ணிக்கை இருக்கிறது. என்ன வேலை, எத்தனை ஆண்டுக்கு, என்ன சம்பளத்துக்கு என்பது அந்த அறிவிப்பில் இல்லை. பெங்களூரில் ஒப்பந்த நிறுவனங்களின் மின் பேருந்து ஓட்டுநர்கள் ஊதியப் பிரச்னைக்காகத் திடீரென வண்டிகளை நிறுத்திய நிகழ்வுகள் உண்டு. அன்று அவதிப்பட்ட பயணிகள் திட்டியது மாநகரப் போக்குவரத்துக் கழகத்தை. ஓட்டுநர்களோ அதன் ஊழியர்கள் அல்லர். சென்னையிலும் இதே முறைதான். 2025 ஜூன் 30-ம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 120 மின் பேருந்துகளில் ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவர். அங்கும் தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சொந்தமாக வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கேரளத்தில் அரசின் கையிலேயே உள்ள "ஸ்விப்ட்" நிறுவனம் திருவனந்தபுரத்தில் மின் பேருந்துகளை இயக்குகிறது. அதன் ஓட்டுநர்களும் ஒப்பந்த ஊழியர்களே.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?: இந்த வாதத்தில் பலரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நகர நெரிசலில் லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்து, கிலோமீட்டருக்கு அரை கிலோவுக்குச் சற்று அதிகமாக வெளியிடுகிறது. மின் பேருந்துக்குக் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் மின்சாரம் தேவை. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கையில் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. டீசலைத் தோண்டி எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் வெளியாகும் வாயுவைச் சேர்த்துக்கொண்டாலும் இரு கணக்குகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாலையில் நிற்பவரின் நுரையீரலுக்கு நன்மை உடனே கிடைக்கிறது. வானத்துக்கு நன்மை கிடைக்க வேண்டுமானால் மின் நிலையமும் மாற வேண்டும்.

தெலங்கானாவில் அது சிங்கரேணியில் கொண்டுபோய் விடுகிறது. ஹைதராபாதின் மின்விளக்குகளுக்குப் பின்னால் கோதாவரிக் கரை நிலக்கரி இருக்கிறது. 1886-ல் தொடங்கப்பட்டு, 1945-ல் நிஜாம் அரசின் கைக்கு வந்த சுரங்க நிறுவனம் அது. இன்று 51 சதவீதம் மாநில அரசுக்கும் 49 சதவீதம் மத்திய அரசுக்கும் சொந்தம். 1990-களின் தொடக்கத்தில் அங்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை பார்த்தனர். 2020-களின் நடுப்பகுதியில் சுமார் 40,000 பேரே எஞ்சியிருந்தனர். உற்பத்தியோ பல மடங்கு பெருகி 2023-24-ல் 7 கோடி டன்னை எட்டியது. நிலத்தடிச் சுரங்கங்கள் மூடப்பட்டுத் திறந்தவெளிச் சுரங்கங்கள் வந்ததும், மனிதக் கைகளுக்குப் பதில் ராட்சத இயந்திரங்கள் வந்ததும் காரணம்.

கவனிக்க வேண்டிய செய்தி இது. பருவநிலை மாற்றத்தின் பெயரால் ஒரு சுரங்கம்கூட மூடப்படாத காலத்திலேயே அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் மறைந்துவிட்டன. அந்த வேலை எவ்வளவு அருமையானது என்பதற்கு, தந்தைக்குப் பின் மகனுக்கு எனும் வாரிசு வேலைத் திட்டத்துக்காக நடந்த போராட்டங்களே சாட்சி. 2017-ல் உயர் நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. பின்னர், மருத்துவக் காரணங்களால் பணியாற்ற இயலாமல் போனோரின் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் வேலை என்று அது வேறு வடிவம் பெற்றது. சிங்கரேணி நிறுவனம் சூரிய மின்சாரத்திலும் இறங்கி 200 மெகாவாட்டுக்கு மேல் நிறுவியுள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆனால் சூரியத் தகடுகளைப் பொருத்தும்போது தேவைப்படும் ஆள்கள், பொருத்தி முடிந்தபின் தேவைப்படுவதில்லை.

ஆட்டோ ஓட்டுநரின் கணக்கு: பேருந்துக்கு வருவோம். புகையைக் குறைக்க மிகச் சிறந்த வழி, நிறையப் பேரைப் பேருந்தில் ஏற்றுவதே. அந்த வகையில் ஹைதராபாதில் நடந்த பெரிய பருவநிலை நடவடிக்கை, அந்தப் பெயர் சூட்டப்படாமலே நடந்தது. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணமில்லை. 2025 ஜூலைக்குள் 200 கோடி இலவசப் பயணங்கள் நிகழ்ந்துவிட்டதாக அரசு விழா எடுத்தது. பேருந்தில் ஏறியவர்களில் ஒரு பகுதியினர் முன்பு பங்கு ஆட்டோவில் சென்றவர்கள். வருமானம் இழந்த ஆட்டோ ஓட்டுநர்கள் தெருவில் இறங்கினர். ஆண்டுக்கு ரூ. 12,000 தருவதாகத் தேர்தலில் காங்கிரஸ் அளித்த வாக்குறுதியை அவர்கள் திரும்பத் திரும்ப நினைவூட்டி வந்தனர். நல்ல திட்டம்தான், அதன் சுமையை யார் சுமப்பது என்று முன்கூட்டியே யோசிக்காததன் விளைவு இது.

இதற்கு உலக அளவில் "நியாயமான மாற்றம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2015 பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையிலேயே தொழிலாளர்களுக்கான நியாயமான மாற்றம் இடம்பெற்றது. பசுமைப் பொருளாதாரத்தால் 2030-க்குள் உலகில் 2.4 கோடி புதிய வேலைகள் உருவாகும். 60 லட்சம் வேலைகள் போகும் என 2018-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. லாபக் கணக்குதான். ஆனால் போகும் 60 லட்சம் பேரும் வரும் 2.4 கோடி பேரும் ஒரே ஆள்கள் அல்லர்.

2024-ல் மத்திய அரசு மற்றொரு ஏற்பாட்டுக்கும் ஒப்புதல் அளித்தது. பேருந்து நிறுவனங்களுக்குக் கழகங்கள் உரிய காலத்தில் பணம் தராமல் போனால் என்ன செய்வது என்ற அச்சத்தைப் போக்க ரூ. 3,435 கோடியில் பணப் பாதுகாப்பு நிதி. கழகம் தவறினால் இந்த நிதியிலிருந்து நிறுவனத்துக்குப் பணம் போய்விடும். மாநில அரசின் கணக்கிலிருந்து ரிசர்வ் வங்கி மூலம் பிடித்துக்கொள்ளவும் வழி உண்டு. 38,000-க்கும் அதிகமான பேருந்துகளுக்கு இந்தப் பாதுகாப்பு. முதலீடு செய்பவருக்கு உத்தரவாதம் தேவை என்பதை தில்லி புரிந்துகொண்டிருக்கிறது. ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் அதேபோன்ற ஓர் உத்தரவாதத்தை அதே ஒப்பந்தத்தில் எழுத எவருடைய அனுமதியும் தேவையில்லை. கழகத்தின் ஓட்டுநர்களுக்கே முன்னுரிமை, பணிமனைத் தொழிலாளர்களுக்கு மின் வாகனப் பயிற்சி, குறைந்தபட்ச ஊதியமும் வருங்கால வைப்பு நிதியும் செலுத்தப்பட்டதற்குச் சான்று காட்டினால்தான் கிலோமீட்டர் கட்டணம் என்று நிபந்தனைகள் விதிக்கலாம். மானியம் தருபவருக்கு விதி எழுதும் உரிமை உண்டு. பேருந்தை வாங்கக் கூடாது என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இதுவும் எழுதத் தெரியும்.

பல ஆண்டுகளுக்குப் பின், 2025 செப்டம்பரில் தெலங்கானா போக்குவரத்துக் கழகத்துக்கு 1,743 பேரைத் தேர்வு செய்ய அறிவிப்பு வெளியானது. ஓட்டுநர்கள் 1,000 பேர். பணிமனையில் பணியாற்றும் "சிரமிக்" எனப்படும் தொழிலாளர்கள் 743 பேர். ஓட்டுநர்களுக்குக் கேட்கப்பட்ட தகுதி, கனரக வாகன உரிமம். தேர்வாகும் இளைஞர்களுக்கு நீண்ட பணிக்காலம் இருக்கிறது. அவர்கள் டீசல் வண்டியில் தொடங்குவர். வெளிவட்டச் சாலைக்குள் டீசல் வண்டியே இராது என்று அரசு சொல்லும் நாளில் அவர்கள் எந்த வண்டியில் ஏறுவர் என்பதை, அந்த 2,000 பேருந்துகளின் ஒப்பந்தம் தீர்மானிக்கும்.